சொல்வளமும் அணியும்: வாரத்துக்கு ஒரு பாடவேளை கிடைத்தால் எந்த வழி?

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையைச் சொல்வளத்துக்கென்றே ஒதுக்கத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 40 நிமிடம். பட்டியல் கொடுத்து டிக்டேஷன் வைப்பதா, அகராதியைக் கையில் கொடுப்பதா, கதை வாசித்துக் காட்டுவதா, சீட்டு எழுத வைப்பதா? உவமை, உருவகம், மரபுத்தொடர் எல்லாம் இலக்கணப் பாடத்தோடு போகட்டுமா, இதிலேயே சேரட்டுமா? சமவெளிப் பள்ளியில் இந்தக் கேள்விக்கு வேறு விடை வரலாம். நீலகிரியில் விடையை மாற்றுபவை இரண்டு: பிள்ளைகளின் வீட்டுமொழி, அவர்கள் கண்ணால் பார்த்து வளரும் நிலம்.

யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்

கோத்தகிரி, குந்தாப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வரும் பிள்ளை வீட்டில் படுக மொழி பேசும். பந்தலூர், சேரம்பாடி என்றால் வீட்டில் மலையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கு அவரவர் மொழி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் தமிழே வீட்டுமொழி. எல்லாரும் உட்காருவது ஒரே பெஞ்சில், படிப்பது ஒரே பாடநூலை.

வீட்டுமொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை. தமிழில் ப-வில் தொடங்கும் பல சொற்கள் படுக மொழியில் ஹ-வில் தொடங்கும்: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து. இதைச் சொல்லிக்கொடுத்தால் அடுத்தடுத்த சொல்லைப் பிள்ளையே பிடித்துக்கொள்ளும். மலையாளம் வேறு மாதிரி சோதிக்கும். அங்கே வெள்ளம் என்றால் தண்ணீர். அவசரம் என்றால் வாய்ப்பு. ‘ஊருக்குள் வெள்ளம் புகுந்தது’ என்பதைப் பந்தலூர்ப் பிள்ளை பதற்றமே இல்லாமல் படித்துவிட்டுப் போய்விடலாம். இப்படிக் காலை வாரும் சொற்களில் பத்துப் பதினைந்தை முதல் மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

பட்டியலும் டிக்டேஷனும்

மிகப் பழைய வழி. திண்ணைப் பள்ளியில் நிகண்டை (செய்யுளில் அமைந்த சொற்பொருள் நூல்) மனப்பாடம் செய்ததும் இதே வழிதான். அங்கே செய்யுளின் ஓசை நினைவைத் தாங்கிப் பிடித்தது. இன்றைய பட்டியலில் அந்த ஓசை இல்லை, எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

திங்களன்று 20 சொல், வெள்ளியன்று டிக்டேஷன் என்பதில் லாபம் எழுத்துப்பிழையில்தான் தெரியும். ர/ற, ன/ண, ல/ள/ழ தடுமாற்றம் சீக்கிரம் குறையும். தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் வீட்டில் கேட்டுச் சரிபார்க்கலாம். செலவும் இல்லை.

நஷ்டம் சொல்லைப் பயன்படுத்தும்போது வெளிவரும். ‘உதிர்ந்தது = விழுந்தது’ என்று படித்த பிள்ளை ‘பஸ் பள்ளத்தில் உதிர்ந்தது’ என்று எழுதும். உதிர்வது இலை, பூ, மயிர், பல். ஒன்றோடு ஒட்டியிருந்த சின்னது தானாகக் கழன்று விழுவது. சமக்குறி போட்டு எழுதிய பொருளில் இந்தச் செய்தி வராது. இன்னொன்று, வெள்ளியோடு அந்த 20 சொல்லின் கதை முடிந்துவிடுகிறது. கற்றது முதல் சில நாட்களில் மளமளவென்றும் பிறகு மெல்லவும் மறந்துபோகும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தம்மையே சோதித்து எழுதிவிட்டார். திரும்பக் கேட்காத பட்டியலுக்கு அந்தச் சரிவைத் தடுக்க வழியில்லை.

அகராதி

வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்ததால், நிகண்டை மனப்பாடம் செய்யாதவரும் சொல்லைத் தேட முடிந்தது. ஆனாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் அகராதியைக் கொடுத்து ‘தேடு’ என்றால் பாதி நேரம் கிடைக்காது. காரணம் பிள்ளையின் சோம்பல் இல்லை. பாடத்தில் இருப்பது ‘சென்றான்’, அகராதியில் இருப்பது ‘செல்’. ‘கண்டாள்’ இருப்பது ‘காண்’ என்பதில்; ‘தந்த’ இருப்பது ‘தா’வில்; ‘நாட்டில்’ இருப்பது ‘நாடு’ என்பதில். வரிசையிலும் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான அகராதிகளில் புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வரும். ‘அக்கா’ முன்னே, ‘அகம்’ பின்னே. பிள்ளைகள் தலைகீழாகத் தேடிவிட்டு இல்லை என்று மூடிவைப்பார்கள்.

ஆகவே அகராதிக்கு முன் இரண்டு வாரம் வேர் எடுக்கும் பயிற்சி வேண்டும். கரும்பலகையில் பத்து வினை, பத்துப் பெயர் எழுதி, ‘இதை எந்தச் சொல்லில் தேடுவாய்?’ என்று மட்டும் கேளுங்கள். பொருள் கேட்க வேண்டாம். அதன் பிறகு நாலு பேருக்கு ஓர் அகராதி போதும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இந்த வயதுக்கு ஏற்றது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றன. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த தமிழ் லெக்சிகன் ஆசிரியர் மேசைக்கு.

தேடிக் கண்டுபிடித்த பிறகும் ஒரு தவறு நடக்கும்: முதலில் இருக்கும் பொருளை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். ‘படி’ என்பது கற்பதும் ஆகும், வாசற்படியும் ஆகும், அளவையும் ஆகும், நகலும் ஆகும், தூசி படிவதும் ஆகும். ஒவ்வொரு பொருளையும் வாக்கியத்தில் வைத்துப் படித்துப் பார்த்துப் பொருந்துவதை எடு என்ற விதியைக் கறாராகப் பிடித்தால்தான் அகராதி உதவும். என் கணக்கில் இது ஏழாம் வகுப்பின் இரண்டாம் பருவத்தில் தொடங்க வேண்டிய வேலை.

வாசித்துக் காட்டுவது

‘நிறையப் படித்தால் சொல் தானாக வரும்’ என்பார்கள். ஒரு நிபந்தனையோடு அது உண்மை. ஆங்கிலம் கற்போரிடம் நடந்த ஆய்வுகளில், நூறு சொல்லுக்கு 98 தெரிந்திருந்தால்தான் துணையில்லாமல் வாசித்துப் பொருள்கொள்ள முடிகிறது என்று கண்டிருக்கிறார்கள். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதால் அதே எண்ணை அப்படியே தூக்கிவர முடியாது. ஆனால் பக்கத்துக்குப் பத்துச் சொல் தெரியாத பிள்ளை கதையைத் தொலைத்துவிடும் என்பதை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். எளிய சோதனை: ஏறக்குறைய நூறு சொல் உள்ள பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் வேறு நூல்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் அச்சிட்ட சிறு நூல்கள் கைகொடுக்கும். நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்திருப்பதால், எட்டாம் வகுப்பு என்பதற்காக ‘பற’ கொடுக்க வேண்டியதில்லை. ‘நட’வில் இருக்கும் பிள்ளைக்கு ‘நட’.

பாடவேளையில் செய்ய வேண்டியது ஆசிரியர் உரக்க வாசிப்பது. 300 முதல் 400 சொல் வரை உள்ள பகுதி, பத்து நிமிடம். முன்கூட்டியே மூன்றே சொல் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த இடம் வந்ததும் நிறுத்தாமல், ஒரு வரியில் பொருளைச் சொல்லிவிட்டு ஓட வேண்டும். விளக்கம் நீண்டால் கதை செத்துவிடும். முடிந்ததும் அந்த மூன்று சொல்லுக்குத் திரும்பி வாருங்கள். எதைத் தேர்வது? ‘மழை’, ‘ஓடு’ தேவையில்லை. ‘ஒளிச்சேர்க்கை’யை அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். தயக்கம், அலட்சியம், நிதானம், விளைவு, பெருமிதம், ஈடுபாடு என்று எந்தப் பாடத்திலும் தலைகாட்டி, பேச்சில் அதிகம் வராத நடுத்தரச் சொற்கள்தான் நம் இலக்கு.

இதன் குறை ஒன்று. இடம் பார்த்துப் பொருள் ஊகிக்கச் சொன்னால் பல நேரம் தவறாகப் போகும். ‘அவள் வாசலில் தயங்கி நின்றாள்’ என்பதில் களைத்துப்போய் நின்றாள் என்றும் கொள்ளலாம். ஊகம் நல்ல பழக்கம்; ஆனால் ஊகத்தைச் சரிபார்க்காமல் விடக்கூடாது.

சீட்டுப் பெட்டி

சொல்லைச் சீட்டில் எழுதி, அறை பிரித்த பெட்டியில் போட்டு, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்பது; ஜெர்மன் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது. சீட்டின் முன்பக்கம் சொல்லை மட்டும் எழுதாதீர்கள்; சொல் அடிக்கோடிட்ட வாக்கியம் எழுத வேண்டும். பின்பக்கம் பிள்ளையின் சொந்த வார்த்தையில் பொருள், வீட்டுமொழியில் அதற்கு நிகரான சொல் தமிழ் எழுத்தில், பிள்ளையே அமைத்த இன்னொரு வாக்கியம். மூன்று அறை போதும். முதல் அறை தினமும், இரண்டாவது வாரம் இருமுறை, மூன்றாவது மாதம் இருமுறை. சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்கு. தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கு.

வாரம் 8 சீட்டுக்கு மேல் வேண்டாம். 30 வாரத்தில் 240 சொல் ஆகிறது. கேட்பதற்குச் சின்னது, ஆனால் அவை வாயில் வரும் சொற்கள். வாரம் 20 என்று ஆரம்பித்தால் மூன்றாவது வாரத்திலேயே முதல் அறை பிதுங்கி, தினமும் புரட்ட வேண்டிய ஐந்து நிமிட வேலை இருபதாகி, பெட்டி மூலைக்குப் போய்விடும்.

மலைக்கென்று சில எச்சரிக்கைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தேவாலா பக்கம் சொல்லவே வேண்டாம், காகிதம் ஊறிப்போகும். ஜெல் பேனாவும் ஸ்கெட்ச் பேனாவும் பரவிவிடும், பால்பாயின்ட்தான் நிற்கும். பழைய பிஸ்கட் டின் அட்டைப் பெட்டியைவிட நல்லது. மழை விடுமுறை விட்டால் அறைக் கணக்கு குழம்பும். விட்ட நாட்களை ஈடுகட்ட முயலாமல், திரும்பிய அன்று முதல் அறையிலிருந்து தொடருங்கள்.

மொபைல் செயலியைத் தனி வழியாகவே நான் எண்ணவில்லை. பல ஹட்டிகளிலும் எஸ்டேட் லைன்களிலும் சிக்னல் வந்து வந்து போகிறது. கிடைத்தாலும் அது காட்டுவது பெரும்பாலும் சமக்குறிப் பட்டியல்தான்.

சொற்குடும்பம்

தனி வழியாக இல்லை, சீட்டுப் பெட்டிக்கு உரமாக. ‘அறி’ என்று நடுவில் எழுதினால் அறிவு, அறிஞர், அறிக்கை, அறிவிப்பு, அறிகுறி, அறிமுகம், அறிவியல் என்று கிளைவிடும். ‘அறிக்கை’யில் ர-வா ற-வா என்ற சந்தேகமும் அதோடு தீரும். ஒரே ஆபத்து போலிக் குடும்பம். ‘கல்வி’ கற்பதைக் குறிக்கும் ‘கல்’லில் பிறந்தது; பாறைக் கல்லோடு சேர்த்துவிட்டால் பிள்ளை அழகாக ஒரு பொய்க்கதை கட்டிவிடும். சேர்க்கும்முன் பொருள் ஒட்டுகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

உவமையும் மரபுத்தொடரும்

சொல்லைவிட இங்கேதான் மலைப்பிள்ளைக்கு நிஜமான சிக்கல். தேர்வில் வரும் உவமைத்தொடர்களை வரிசையாகப் பாருங்கள்: மடை திறந்த வெள்ளம், விழலுக்கு இறைத்த நீர், இலவு காத்த கிளி, கானல் நீர், அனலில் இட்ட மெழுகு, சூரியனைக் கண்ட பனி. இவற்றில் மடை, விழல், இலவு, கானல் எல்லாம் சமவெளிச் சரக்கு. மடையும் இலவ மரமும் பார்க்காமலே ஊட்டிப் பிள்ளை எட்டாம் வகுப்பு வரை வந்துவிடும். உவமை என்பது தெரிந்ததை வைத்துத் தெரியாததைச் சொல்லும் வழி. தெரிந்ததாக வைத்ததே தெரியாது என்றால், பிள்ளைக்கு இரண்டு பாடம் ஆகிவிடுகிறது.

மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன.

தொடரையும் பொருளையும் பட்டியலாக மனப்பாடம் செய்வது முதல் வழி. ‘பசுமரத்தாணி போல: மனத்தில் ஆழப் பதிதல்.’ மதிப்பெண் கிடைக்கும். ஆனால் வகுப்பு முழுக்க ஒரே வாக்கியத்தை எழுதும்: ‘ஆசிரியர் கூறியது பசுமரத்தாணி போல என் மனத்தில் பதிந்தது.’ அந்த வாக்கியத்தை மறந்த பிள்ளை ‘அவன் பசுமரத்தாணி போல இருந்தான்’ என்று எழுதும்.

இரண்டாவது, இலக்கணத்தை முன்னால் வைப்பது: உவமேயம், உவமானம், உவம உருபு, பொதுத்தன்மை. நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ என்று தொடங்கி 12 உருபு எண்ணுகிறது. பிள்ளைகள் எழுதப்போவது போல, போன்ற, ஒத்த என்ற இரண்டு மூன்றுதான். இலக்கணம் முன்னால் வந்தால் பெயர் சூட்டத் தெரியும், சுவைக்கத் தெரியாது. எனினும் தொல்காப்பிய உவமவியல் தரும் நான்கு பிரிவைத் தூக்கிப்போட வேண்டாம்: வினை, பயன், மெய், உரு. ‘எதில் ஒத்திருக்கிறது? செயலிலா, பயனிலா, வடிவிலா, நிறத்திலா?’ என்ற கேள்வியைவிடக் கூர்மையான கருவி வகுப்பில் வேறில்லை. ‘புலி போலப் பாய்ந்தான்’ என்றால் செயல். கோடும் வாலும் அவனுக்கு இல்லை. ‘மழை போல வாரிக் கொடுத்தார்’ என்றால் பயன்.

மூன்றாவது, பொருளைக் கண்முன் வைத்துவிட்டுத் தொடருக்குப் போவது. நேரம் பிடிக்கும், ஆனால் நிற்கும். பசுமரத்தாணிக்கு ஐந்து நிமிடம் போதும். தேயிலைத் தோட்டத்தில் கிளை கழித்த சில்வர் ஓக்கின் பச்சைத் துண்டு ஒன்று, நன்றாகக் காய்ந்த விறகு ஒன்று, இரண்டு அங்குல ஆணி இரண்டு, சுத்தியல். அடிப்பது ஆசிரியர் மட்டும். பச்சைக் கட்டையில் சில அடியில் ஆணி வழுக்கிக்கொண்டு இறங்கும். காய்ந்ததில் ஆணி முரண்டு பிடிக்கும், வளையும், சில நேரம் விறகு பிளக்கும். பிறகு கேளுங்கள்: பச்சை மரம் யார், ஆணி எது, காய்ந்த விறகு யாராக இருக்கலாம்? இளம் வயது என்ற கருத்து தானே வந்துவிடும். பட்டியலில் இருந்த ‘ஆழப் பதிதல்’ என்ற பொருளில் அந்தப் பாதி விடுபட்டிருந்தது.

எனவே வரிசையை மாற்றுங்கள். பாடநூல் வரிசை வேண்டாம். பிள்ளை பார்த்தது முதலில். ஜனவரியில் தலைக்குந்தாப் புல்வெளியில் வெள்ளையாகப் படிந்த உறைபனி வெயில் பட்டதும் காணாமல் போவதைப் பார்த்தவருக்குச் ‘சூரியனைக் கண்ட பனி’க்கு உரை தேவையில்லை. ‘குன்றின் மேலிட்ட விளக்கு’ம் அப்படியே. ‘மூடுபனி இறங்கினால் குன்று விளக்கும் தெரியாதே’ என்று ஒருவர் கேட்டால் சந்தோஷப்படுங்கள். எந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு என்ற பாடம் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. கூடலூரில் ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அங்கே வாழைத் தோட்டத்துக்கு வரும் யானை மணி கட்டிக்கொண்டு வருவதில்லை. பழமொழியின் யானை கோயில் யானை என்று சொல்லிவிட்டுத்தான் தொடர வேண்டும். மடை, விழல், இலவு போன்றவற்றுக்குப் படமோ வீடியோவோ காட்டி, மூன்றாம் பருவத்துக்குத் தள்ளுங்கள்.

மரபுத்தொடருக்கு வேறு சூட்சுமம். நேர்ப்பொருளும் மறைபொருளும் உள்ள வாக்கியங்களை ஜோடியாகக் கொடுங்கள். ‘சாப்பிடும் முன் கை கழுவினான்’, ‘கூட்டாளியைக் கை கழுவினான்’. எதை வைத்து வேறுபாடு கண்டுபிடித்தாய் என்று கேட்டால் இலக்கணமே பதில் சொல்லும்: இரண்டாவதில் ஆளுக்கு ‘ஐ’ உருபு வந்திருக்கிறது. ‘கம்பி நீட்டினான்’, ‘ஆறப்போட்டான்’, ‘நுனிப்புல் மேய்ந்தான்’ மூன்றையும் இப்படி ஜோடி சேர்க்கச் சொல்லலாம். ஆகுபெயரும் இதே பாணியில் வரும்: ‘ஊட்டி குளிரில் நடுங்கியது’ என்றால் நடுங்கியது யார்?

உருவகத்துக்குச் சொல்லின் இடத்தை மாற்றிக் காட்டினால் போதும். ‘போர்வைப் பனி’ போர்வை போன்ற பனி, உவமைத்தொகை. ‘பனிப்போர்வை’ பனியாகிய போர்வை, உருவகம். உவமையை மட்டும் சொல்லிப் பொருளை ஊகிக்க விடும் பிறிது மொழிதல்தான் எட்டாம் வகுப்பில் பலரைத் தடுக்கிவிடுகிறது. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளுக்குக் கேரட் மூட்டை ஏற்றிய ஜீப்பிலிருந்து தொடங்குங்கள். மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றினால் அச்சு முறியும், சரி, மயிலிறகு ஏற்றினாலுமா? அளவு மீறினால் அதுவும் முறிக்கும். குறளில் வண்டி மட்டும்தான் இருக்கிறது, சொல்ல வந்த ஆள் இல்லை. அந்த ஆளைக் கண்டுபிடி என்று விடுங்கள். அதிகாரம் வலியறிதல் என்ற ஒரு துப்பை மட்டும் கொடுக்கலாம்.

எதைத் தேர்வது

40 நிமிடத்தை இப்படிப் பிரிப்பேன்: 10 நிமிடம் வாசித்துக் காட்டல், 10 நிமிடம் அதில் எடுத்த மூன்று சொல்லோடு பாடத்திலிருந்து ஐந்து சேர்த்துச் சீட்டு எழுதுதல், 15 நிமிடம் ஓர் உவமை அல்லது மரபுத்தொடர், கடைசி 5 நிமிடம் பழைய சீட்டு. தினசரிப் புரட்டல் காலை வழிபாட்டுக்குப் பின், ஜோடி ஜோடியாக.

ஒரே ஆசிரியர் பல வகுப்பைப் பார்க்கும் சின்னப் பள்ளி என்றால் வாசித்துக் காட்டலை எல்லாருக்கும் சேர்த்து வைத்து, சீட்டுச் சொல்லை மட்டும் வகுப்புக்கேற்பப் பிரிக்கலாம். உண்டு உறைவிடப் பள்ளியில் மாலை நேரம் கையில் இருப்பதால் அகராதியை ஆறிலேயே தொடங்கலாம். தேடலுக்குப் பொறுமையான நேரம் அங்கேதான் உண்டு. பெற்றோருக்குத் தமிழ் எழுத்து தெரியாத வீட்டில் டிக்டேஷன் நடக்காது, ஆனால் சீட்டின் பின்பக்கத்தில் எழுத வேண்டிய வீட்டுமொழிச் சொல்லைத் தர அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை. அந்தக் கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

பட்டியலுக்கும் ஓர் இடம் இருக்கிறது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மூன்று மாதமே இருக்கும் பத்தாம் வகுப்பில் இத்தனையையும் புதிதாகத் தொடங்குவது வீண். அங்கே உவமைத்தொடர்ப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தொடருக்கும் கையேட்டு வாக்கியம் இல்லாத இன்னொரு வாக்கியத்தை மட்டும் பிள்ளையிடமிருந்து கேட்டு வாங்குங்கள்.